ஆறு அங்குலத்திலிருந்து ஏழு அங்குலத்துக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பணம் செலவழிக்கும் வரிசையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். முதலில் சக்கரம் மாற்றுவார்கள். அடுத்தது சைலன்சர். பிறகு எஞ்சினில் கை வைப்பார்கள். எஞ்சினின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஊளையிடத் தொடங்கி, வண்டிக்குள் பேசுவது காதில் விழாமல் போன பிறகுதான் அதன் நினைப்பே வரும். எஞ்சின் உண்டாக்கும் விசை முழுவதும் அந்த இரும்புப் பெட்டி வழியாகத்தான் சாலைக்கு இறங்குகிறது. வளைவில் இருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் சொன்ன பேச்சைக் கேட்குமா, உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழன்று புகை விடுமா என்பதை முடிவு செய்வதும் அதுதான். பின்சக்கரத்தால் ஓடும் சிறிய, எடை குறைந்த காருக்கு இதைவிட முக்கியமான பாகம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

என்னுடையது 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 காரின் ஜப்பானியப் பெயர் அது. அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். ஜப்பானிலும் பிரிட்டனிலும் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், அங்கே பழையதான யூனோஸ்கள் ஏராளமாக இங்கே கப்பலேறி வந்தன. லெஸ்டரில் என் வீட்டு வாசலில் நிற்பதும் அப்படி வந்ததுதான். 1597 சிசி எஞ்சின், ஐந்து கியர், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரௌன் வீல் ஆறு அங்குல விட்டம், விகிதம் 4.3. அதாவது கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 4.3 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

சத்தம் மெல்ல மெல்லத்தான் வந்தது. மணிக்கு 70 கிலோமீட்டர் வாக்கில், காலை லேசாக அழுத்தியிருக்கும்போது மட்டும் மெல்லிய இரைச்சல். காலை எடுத்தால் குரல் மாறிவிடும். குளிர்காலம் முடிவதற்குள் அது எல்லா வேகத்திலும் கேட்க ஆரம்பித்தது.

இந்த ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தின் ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் வாடகைக் கார்களில் தொழில் கற்றவர். போர்க்காலத்தில் பெட்ரோலும் உதிரிப் பாகங்களும் வராமல் நின்றபோது அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். புதுப் பாகம் கிடைக்காது என்ற நிலையில் வேலை செய்தவர்களுக்கு, எதைக் கழற்ற வேண்டும் என்பதைக் கழற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும். அதனால் அவர்களுக்குக் காது கூர்மை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊருக்கு வெளியே ஓட்டிப் போனேன்.

"காலை எடுங்கள் தம்பி. இப்போது மறுபடி மெல்ல மிதியுங்கள். சரி, இந்த வளைவில் இடப்பக்கம் ஒடியுங்கள். இனி வலப்பக்கம்."

"சத்தம் மாறவில்லையே அண்ணா."

"மாறாதது நல்லது. மாறினால் சக்கர பேரிங். இது உள்ளே இருந்து வருகிறது."

அவர் பிரித்துக் காட்டிய முறையை அப்படியே எழுதுகிறேன். இதே சத்தத்தோடு அலைகிறவர்களுக்குப் பயன்படும். மிதிக்கும்போது மட்டும் ஊளை என்றால் கிரௌன் வீலும் அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனும் முன்னோக்கித் தள்ளும் பக்கத்தில் பற்கள் சரியாகப் பொருந்தவில்லை. காலை எடுத்த பிறகு மட்டும் ஊளை என்றால் பற்களின் மறுபக்கம் தேய்ந்திருக்கிறது. இரண்டிலும் மாறாத உறுமல் என்றால் பேரிங். அதிலும் வித்தியாசம் உண்டு. பினியன், சக்கரத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் சுழல்வதால் அதன் பேரிங் உயர்ந்த சுருதியில் முனகும். பக்கவாட்டு பேரிங்குகள் சக்கர வேகத்திலேயே சுற்றுவதால் அவற்றின் குரல் தடித்து, தாழ்ந்திருக்கும். கியர் போட்டு கிளட்ச் விடும்போது 'டக்' என்று ஒரு அடி கேட்டால் உடனே டிஃபரன்ஷியலைக் குற்றம் சொல்லக் கூடாது. அதைத் தாங்கும் ரப்பர் புஷ்களையும் ஷாஃப்ட் இணைப்புகளையும் முதலில் பார்க்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பி காரைத் தூக்கி நிறுத்தினோம். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் வட்ட ஃபிளாஞ்சை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தார். சுழலும் திசையில் கொஞ்சம் தளர்வு இருப்பது இயல்பு. மேலும் கீழும் கொஞ்சம்கூட அசையக் கூடாது. அசைந்தது. பினியன் பேரிங் போய்விட்டது. பேரிங் தளர்ந்ததால் பினியன் தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. அதனால்தான் பல்லின் சத்தமும் கூடவே வந்தது.

அடுத்த சோதனைக்கு இரண்டு பின்சக்கரங்களும் காற்றில் இருக்க, கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். மறு சக்கரம் எதிர்த்திசையில் எந்தத் தயக்கமும் இல்லாமல் சுற்றியது. என் காரில் இருப்பது விஸ்கஸ் வகை எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். அது உயிரோடு இருந்தால் மறு சக்கரமும் அதே திசையில் இழுபட்டிருக்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் ஏன் வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். மாட்டுவண்டியில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாகச் சுழல்கின்றன, அச்சை யாரும் முறுக்குவதில்லை. அச்சையே எஞ்சின் முறுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. 1827இல் பிரான்சின் கடிகாரத் தொழிலாளி ஒனேசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு பற்சக்கர ஏற்பாட்டைச் செய்து காப்புரிமை பெற்றார். இன்றைய கார்களில் இருப்பதும் அடிப்படையில் அதுவே. அதில் ஒரே ஒரு குறை. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் போகும். ஆகவே ஒரு சக்கரம் பிடிப்பை இழந்தால், அது எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். வளைவில் கார் சாயும்போது உள்பக்கச் சக்கரத்தின் மேல் எடை குறைகிறது. அது வழுக்கினால் மொத்த காரும் அதன் தரத்துக்கு இறங்கிவிடும். இதைத் தடுக்கவே எல்எஸ்டி.

விஸ்கஸ் வகையில், கெட்டியான சிலிகான் திரவத்துக்குள் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். இரு பக்கத்து வேகமும் வேறுபட்டால் திரவம் அந்தத் தட்டுகளைப் பிடித்து இழுத்து வேறுபாட்டைக் குறைக்கும். வழுக்கல் தொடங்கிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும் என்பது ஒரு குறை. மூடி முத்திரையிட்ட அறைக்குள் இருக்கும் திரவம் ஆண்டுகள் போகப் போகத் தன் குணத்தை இழந்துவிடும் என்பது இன்னொரு குறை. முப்பது வருடம் கடந்த யூனோஸில் விஸ்கஸ் எல்எஸ்டி இருக்கிறது என்று விளம்பரத்தில் யாராவது எழுதினால், பெயரளவில் இருக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. இருப்பதையே பிரித்து பேரிங் மாற்றுவது முதல் வழி. கேட்க எளிது. உண்மையில் கார் வேலைகளிலேயே இதைப்போல் பொறுமை கேட்பது வேறு இல்லை. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை மெல்லிய ஷிம் வளையங்களால் சரிசெய்ய வேண்டும். அதன் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் குழாய் ஒன்று உண்டு. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்கின் மேல் வேண்டிய அழுத்தம் வரும். ஒரு இழை அதிகமாக இறுக்கிவிட்டால் குழாய் திரும்பி நிமிராது, புதியது போட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். பிறகு கிரௌன் வீலுக்கும் பினியனுக்கும் நடுவே பல்லிடைத் தளர்வு. இந்தக் காருக்குச் சொல்லப்பட்ட அளவு 0.09 முதல் 0.11 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமன் கணக்கு. அதை டயல் கேஜில் பிடித்த பிறகு, பற்களில் நிறப்பசை தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, நுனிக்கோ அடிக்கோ ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். தடம் தவறினால் மறுபடியும் ஷிம். இத்தனையும் செய்து முடித்தால் கையில் இருக்கப்போவது, உயிர்போன விஸ்கஸ் அறையோடு சேர்ந்த அதே ஆறு அங்குல டிஃபரன்ஷியல்தான்.

இரண்டாவது வழி, கிளட்ச் தட்டுகள் கொண்ட எல்எஸ்டி. காஸ், குஸ்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் செய்பவை. பந்தயத் தடத்தில் அவற்றுக்கு நிகர் இல்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பல்பொருள் அங்காடியின் வாகன நிறுத்தத்தில் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து கடகடவென்று அடிக்கும். தட்டுகள் தேயத் தேயப் பிரித்துப் பார்க்க வேண்டும். தெருவில் ஓடும் காருக்கு அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழி, மாஸ்டாவே பின்னாளில் செய்தது. 1993இல் ஜப்பானிலும், 1994 மாடலாக அமெரிக்காவிலும் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது டிஃபரன்ஷியலும் ஏழு அங்குலமாக வளர்ந்தது, விகிதம் 4.1. கூடவே விஸ்கஸ் போய் டார்சன் வந்தது. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு அது. இதற்குள் திரவமும் இல்லை, தட்டுகளும் இல்லை. சாய்வாக வெட்டிய பற்சக்கரங்கள் மட்டுமே. முறுக்கு ஏறும்போது அந்தச் சாய்வுப் பற்கள் ஒன்றையொன்று நெருக்கி, அந்த உராய்வே வழுக்கத் தொடங்கும் பக்கத்தை அடக்கி, பிடிப்புள்ள பக்கத்துக்கு விசையை அனுப்புகிறது. வழுக்கும்வரை காத்திருப்பதில்லை. தட்டு வகை போலத் தேய்ந்து தீர்ந்துபோவதும் இல்லை.

அதற்கும் எல்லை உண்டு. பிடிப்பு குறைந்த சக்கரத்தில் இருக்கும் விசையைப் பெருக்கித்தான் மறு சக்கரத்துக்குத் தரும். பெருக்கம் இரண்டரை என்று வைத்துக்கொண்டால், இங்கே 100 இருந்தால் அங்கே 250. இங்கே பூஜ்யம் என்றால் அங்கேயும் பூஜ்யம்தான். ஒரு சக்கரம் தரையை விட்டே எழும்பிவிட்டால் டார்சனும் சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும். பனியில் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டால் ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துப் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும். வெறுமனே சுழலும் சக்கரத்துக்கு பிரேக் ஒரு எதிர்ப்பைத் தரும், பெருக்குவதற்கு டார்சனுக்கு அது போதும்.

மூன்றாவது வழியைத் தேர்ந்தேன். பட்டறைக்காரரும் அதையேதான் சொன்னார். "பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பிரிக்காத பெட்டியாகப் பாருங்கள். ஒன்றாக ஓடிப் பழகிய ஜோடியைக் கலைத்தால் பிறகு சமாதானம் செய்வது கடினம், தம்பி." கிரௌன் வீலும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்படும் ஜோடி. ஒன்றின் கிரௌனும் இன்னொன்றின் பினியனும் கலந்தால் ஊளை நிச்சயம். யாரோ திறந்து 'சரிசெய்த' பெட்டியைவிட, திறக்கவே படாத பழைய பெட்டி எத்தனையோ மேல்.

டிஃபரன்ஷியலை மட்டும் வாங்கினால் போதாது. 1.6 காரின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட், ஏழு அங்குலத்தின் ஃபிளாஞ்சில் பொருந்தாது. பக்கத்து ஆக்சில் ஷாஃப்டுகளின் உள்முனையும் வேறு. வெளிமுனை மட்டும், சக்கரம் பொருந்தும் பழைய ஹப்பிலேயே உட்காரும். ஆகவே விபத்தில் உடைந்த 1.8 கார் ஒன்றிலிருந்து பெட்டி, ப்ரொபெல்லர் ஷாஃப்ட், இரண்டு ஆக்சில் ஷாஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கினேன். ஃபிளாஞ்ச் மேலும் கீழும் அசையவில்லை. எண்ணெய் எடுத்து அதில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவினேன். சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டியது, அது இயல்பு. சில்லு சில்லாக ஏதாவது வந்திருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன். ஆக்சில் துளைக்குள் விளக்கடித்தும் பார்த்தேன். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் உள்ளே குறுக்குவாட்டில் ஒரு தடித்த ஊசி தெரியும். இதில் இல்லை.

மாற்றும் வேலையில் பெரும்பகுதி துருவோடு நடத்தும் போராட்டம். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். ஜப்பானில் இருந்து வந்தபோது சுத்தமாக இருந்த அடிப்பாகம் சில குளிர்காலங்களிலேயே பழுப்பேறிவிடும். ஆக்சில் ஷாஃப்டை வெளியே எடுக்க ஹப்பைச் சாய்க்க வேண்டும். அதற்கு ஹப்பின் அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் ஒரு நீண்ட போல்ட்டை உருவ வேண்டும். இந்தக் காரை அறிந்தவர்கள் அந்த போல்ட்டின் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். அது புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். தலையை இறுக்கித் திருகினால் போல்ட்டு சுழலும், உள்ளே இருக்கும் குழாயும் கூடவே சுழலும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் நகராது. முன்கூட்டியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டிருந்ததால் இடப்பக்கத்து போல்ட்டு சூட்டுக்கும் சுத்தியலுக்கும் பணிந்தது. வலப்பக்கத்தை அறுத்துத்தான் எடுத்தோம். புது போல்ட்டுகள் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. ஹப்பின் நடு நட்டும் அப்படித்தான்: அதன் விளிம்பை உளியால் தட்டி மடக்கியிருப்பார்கள், ஒருமுறை எடுத்தால் புதியதே போட வேண்டும், 216 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இறுக்க வேண்டும்.

இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த பாகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தது இந்த வேலையில்தான். கியர் பாக்ஸின் பின்முனையில் இருந்து டிஃபரன்ஷியலின் மூக்குவரை நீளமான ஓர் அலுமினியச் சட்டம் ஓடுகிறது. எடை குறைப்பதற்காக அதில் வரிசையாகப் பெரிய துளைகள். திட்டத் தலைவர் தோஷிஹிகோ ஹிராயின் குழு, செலவு கூடினாலும் பரவாயில்லை என்று இந்த மலிவான காருக்குச் சேர்த்த அம்சம் அது. எஞ்சினும் கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே உடலாகிவிடுவதால்தான், மிதித்த மறுகணமே பின்சக்கரம் பதில் சொல்கிறது. அந்தச் சட்டம் பின்முனையில் இரண்டு நீண்ட போல்ட்டுகளால் டிஃபரன்ஷியலின் மேல் பிடிக்கப்பட்டிருக்கிறது. கழற்றுவதற்கு முன் கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினே பின்னால் சாய்ந்துவிடும். போல்ட்டு ஒன்றின் மேல் இருக்கும் உருளை வளையம் துளையோடு இறுகி ஒட்டியிருந்தது. அதை மெல்ல நெம்பி எடுக்கும்வரை சட்டம் அசையவே இல்லை. திரும்ப மாட்டும்போது சட்டம் காரின் அடித்தளத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்ற அளவு கையேட்டில் இருக்கிறது. அதை அளக்காமல் இறுக்கினால் ஷாஃப்டின் கோணம் மாறி, நெடுஞ்சாலை வேகத்தில் தரை அதிரும். புது டிஃபரன்ஷியலில் கோளாறு என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இந்த ஓர் அளவுதான்.

எண்ணெயைப் பற்றி இரண்டு வரி. வடிக்கும் மூடியைத் திறப்பதற்கு முன், நிரப்பும் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை வடித்துவிட்டு, நிரப்பும் மூடி துருவில் இறுகிக் கிடப்பதைக் கண்டால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பழைய பெட்டிக்கு 0.65 லிட்டர், புதியதற்கு 1 லிட்டர், ஜிஎல்-5 தரம். டார்சனுக்கு வேறு எந்தச் சேர்மானமும் தேவையில்லை.

ஓட்டிப் பார்த்ததில் முதலில் கவனித்தது நிசப்தம். எஞ்சினின் குரலையும் டயரின் குரலையும் தனித்தனியாகக் கேட்க முடிகிறது. ஆனால் நான் காத்திருந்தது மழைக்கு. இங்கே ரவுண்டானாக்களுக்குப் பஞ்சமில்லை. ஈரமான ரவுண்டானாவின் மூன்றாவது வெளிவழியில், முன்பெல்லாம் இரண்டாவது கியரில் கொஞ்சம் மிதித்தால் உள்சக்கரம் கீச்சிட்டுச் சுழலும், எஞ்சின் கூச்சலிடும், கார் முன்னேறாது. இப்போது அதே இடத்தில் அதே அளவு மிதிக்கிறேன். பின்பகுதி ஒரு கணம் அமர்கிறது, இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளுகின்றன, மூக்கு தான் போக வேண்டிய இடத்தை நோக்கித் தானே திரும்புகிறது. இன்னும் அழுத்தினால் பின்பகுதி சறுக்கும், ஆனால் அறிவித்துவிட்டுச் சறுக்கும். ஸ்டீரிங்கைச் சிறிது எதிர்த்திசையில் திருப்பினால் அடங்கிவிடுகிறது. எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டவில்லை. ஆனாலும் இந்தக் காரை இப்போதுதான் வாங்கியது போல ஓட்டுகிறேன்.

கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். விகிதம் 4.3இல் இருந்து 4.1 ஆனதால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைந்துவிட்டது. 1.6 லிட்டர் எஞ்சினுக்கு அது தெரியத்தான் செய்கிறது. மேட்டில் ஒரு கியர் முன்னதாகவே குறைக்கிறேன். பதிலுக்கு, 185/60 அளவு 14 அங்குல டயரில், ஐந்தாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 3,200க்குச் சற்று மேல் சுற்றிய எஞ்சின் இப்போது 3,070 வாக்கில் சுற்றுகிறது. நீண்ட பயணத்தில் காதுக்கு அது நல்லது. இழுவையை விட மனமில்லாதவர்கள் ஏழு அங்குலத்திலேயே 4.3 தேடலாம். 1998இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறையில், அமெரிக்காவுக்குப் போன ஐந்து கியர் கார்களில் அது இருந்தது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று வேகமானி. இந்தக் காரில் அது கியர் பாக்ஸில் இருந்து ஓடுகிறது. டிஃபரன்ஷியல் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. உண்மையில் மணிக்கு 70 மைல் போகும்போது, முன்பு இருந்ததைவிட மூன்று மைலுக்கு மேல் குறைத்துக் காட்டும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது இங்கே விதி. கியர் பாக்ஸின் பக்கவாட்டில் செருகியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரத்தை 4.1க்கு உரியதாக மாற்றினால் சரியாகிவிடும். மலிவான பாகம், ஒரே போல்ட்டு, கேபிளோடு சேர்த்து வெளியே இழுத்து எடுக்கலாம். அதை மாற்றிய கையோடு காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். இந்த நாட்டில் காரில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் காப்பீடே கைவிட்டுப் போகலாம். சில நூறு மைல் ஓடியதும் எண்ணெயை ஒருமுறை வடித்து, மறுபடி காந்தத்தால் துழாவிப் பார்த்தேன். சாம்பல் பசை மட்டும்தான் வந்தது, அதுவும் மிகக் கொஞ்சம். அடுத்த வேலை டிஃபரன்ஷியலைத் தாங்கும் இரண்டு ரப்பர் புஷ்கள். வலப்பக்கத்துப் புஷ்ஷில் இப்போதே ஒரு வெடிப்பு தெரிகிறது.